பெரட்டில் நான் வாய் திறக்காத நாள்

அண்ணே,

நேற்று தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் ரத்தக் கொதிப்பு மாத்திரைக்காக உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் மிஸ்ஸி ஒரு தடவை கூப்பிட்டாள், யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். செத்து இத்தனை காலம் ஆகியும் இந்த மனிதர் என்னை நிம்மதியாக மாத்திரை வாங்க விடமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

உங்களை எனக்குப் பிடிக்காது. அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். செத்தவர்களுக்கு எழுதும்போது எல்லாரும் தேன் தடவித்தான் எழுதுவார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரை படித்த எனக்கு அந்த அலங்காரமெல்லாம் வராது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலைக்கு வந்த பிறகு தேயிலையைக் கேட்க ஆளில்லை. பாதிக் காட்டை வெட்டி மரவள்ளி நட்டோம். வேலைக்கு வந்தவர்களுக்கு மட்டும்தான் அரிசி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் வாசிப்பார், கணக்கெழுதும் கிராணி புள்ளி போடுவார். புள்ளி விழாத வீட்டில் அன்று உலை ஏறாது. நம் மலைப் பனியில் பின்வரிசையில் நிற்பவர் முகம் தெரியாது, குரல் மட்டும்தான் கேட்கும். அந்தப் பனியை நம்பித்தான் நீங்கள் அந்த வேலையை ஆரம்பித்தீர்கள். லயத்து வீடுகளில் யாராவது காய்ச்சலில் கிடந்தால், அவர்கள் பெயர் வரும்போது பின்னாலிருந்து "இருக்கேன்" என்று குரல் கொடுப்பீர்கள். அவர்கள் பங்கு வேலையை ஆளுக்குக் கொஞ்சமாக நாங்கள் இழுத்துப்போட்டுச் செய்வோம். கங்காணிக்கும் தெரியும். காது மந்தம் போல இருந்துவிடுவார்.

அடுத்த வீட்டுக்காரர் நீங்கள். என் புருஷனுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது நான் கேட்கவே இல்லை, நீங்களாகவே சொன்னீர்கள். முதல் நாளும் அரிசி வந்தது, இரண்டாம் நாளும் வந்தது. மூன்றாம் நாள் கங்காணி பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். ஆம்பிளைகள் பெயரை மட்டும் வாசித்தார்கள். அரிசிக் கணக்கைச் சோதிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, வழக்கம் போல என் புருஷன் பெயருக்கும் "இருக்கேன்" என்றீர்கள்.

அது சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வாசித்த பெயர்.

குரல் கொடுத்தவர்களை எல்லாம் லோரியில் ஏற்றினார்கள். குரல் வராத பெயர்களைக் காய்ச்சல் கேஸ் என்று விட்டுவிட்டார்கள். தலையை எண்ணியபோது ஒன்று குறைந்தது. லயத்துக்குள் புகுந்து என் புருஷனைக் கம்பளியோடு இழுத்து வந்தார்கள். உங்களுக்குக் கன்னத்தில் இரண்டு அறை விழுந்தது. கொழுந்து உருட்டும் மிஷினில் மூன்று விரலைப் பறிகொடுத்த கையைப் பார்த்து, இது உதவாது என்று வெளியே தள்ளினார்கள். நீங்கள் களத்தில் நின்றீர்கள். என் புருஷன் மலையடிவாரத்துத் தாப்பா பக்கம் இறங்கும் லோரியில் போனார். எனக்கு மடியில் எட்டு மாதக் குழந்தை.

நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் வீட்டில் படுத்திருப்பார். இதை நான் எத்தனை ஆயிரம் தடவை நினைத்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்த வாரமே இன்னொரு காய்ச்சல்காரிக்காக நீங்கள் ஏற்பாடு செய்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். குழாயடியில் உங்களை மறித்துக்கொண்டு, நாலு பேர் கேட்கத் திட்டினேன். என் குடியைக் கெடுத்தது போதாதா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னீர்கள்.

"அவ புள்ளைக்கு இன்னிக்குப் பசிக்குது தங்கச்சி. நாளைக்கு என்னா நடக்கும்னு பாத்துக்கிட்டு இருந்தா, இன்னிக்கு யாரு சோறு போடுவா?"

ஆத்திரத்தில் குடத்துத் தண்ணீரை உங்கள் காலில் ஊற்றிவிட்டு வந்தேன்.

பிறகு என்னையே காய்ச்சல் படுக்கையில் போட்டது. நடந்ததைப் பார்த்த பயத்தில் பொம்பளைகள் ஒருத்தியும் எனக்காக வாய் திறக்கவில்லையாம். நீங்கள்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு பொம்பளைக் குரலில் "இருக்கேன்" என்று கீச்சிட்டீர்களாம். அந்தப் பாழாய்ப்போன காலத்தில் பெரட்டே வாய்விட்டுச் சிரித்ததாம். கங்காணியும் சிரித்துக்கொண்டே அடுத்த பெயருக்குப் போனாராம். அன்று வந்த அரிசிக் கஞ்சியில்தான் என் மகள் பிழைத்தாள். நானும் குடித்தேன், உங்களைத் திட்டிக்கொண்டேதான் குடித்தேன்.

இனி எழுதப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் பெரட்டில் உங்கள் பெயர் வந்தது, குரல் வரவில்லை. கால் வீங்கி எழுந்திருக்க முடியாமல் கிடந்தீர்கள். கங்காணி இரண்டாம் தடவை வாசித்தார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நீங்கள் யாருக்காகச் சொல்லி யார் போனார் என்று அவர்களுக்குத் தெரியும். நான் சொன்னால் அவர்களும் சொல்வார்கள். மூன்றாம் தடவை வாசித்தார். சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். மனசுக்குள் நன்றாகப் படட்டும் என்று இருந்தது. கங்காணி அடுத்த பெயருக்குப் போனார். அடுத்த மூன்று நாளும் அப்படியே போனது.

ஐந்தாம் நாள் மனசு கேளாமல் நான் சொன்னேன். அரிசியையும் வாங்கி வந்தேன். கஞ்சி காய்ச்சி உங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தபோது, அதை விழுங்க உங்களுக்குத் தெம்பு இல்லை. என்னைப் பார்த்து "பாப்பாவுக்குக் குடு" என்றீர்கள். இரண்டு நாளில் உங்களைப் புதைத்தோம்.

ஜப்பான்காரன் போன பிறகு என் புருஷன் திரும்பி வந்தார். எலும்பும் தோலுமாக வந்த மனிதர், வாசலில் நின்று முதலில் கேட்டதே உங்களைத்தான். உங்கள் மேல் அவருக்குக் கோபம் கிடையாதாம். அங்கேயும் ஆள் கணக்கில் நின்றவனுக்குத்தான் சோறாம். இவர் விழுந்து கிடந்தபோது, பெயர்கூடத் தெரியாத ஒருவர் இவருக்காகக் குரல் கொடுத்தாராம்.

"அப்புறம் நான் அடுத்தவனுக்குச் சொன்னேன். அவன் இன்னொருத்தனுக்குச் சொன்னான். எங்க கொட்டாய்ல அப்படித்தான் கொஞ்சப் பேரு மிஞ்சுனோம்" என்றார். பிறகு, "அண்ணே எங்க?" என்று மறுபடி கேட்டார்.

காய்ச்சலில் போய்விட்டார் என்று சொன்னேன். என் வாய் மூடியிருந்ததைச் சொல்லவில்லை. அது தெரியாமலே அவரும் போய்ச் சேர்ந்தார்.

உங்கள் ஒரு வார்த்தை யுத்தத்தை நிறுத்தவில்லை. என் புருஷனை லோரியில் ஏற்றியது. ஆனாலும் அதே வார்த்தைதான் என் மகளை வளர்த்தது, முகம் தெரியாத யாரோ ஒருவர் வாயில் வந்து என் புருஷனையும் திருப்பிக் கொடுத்தது. நான் விழுங்கிய வார்த்தை ஒரு ஆளைக் கொன்றது. இதில் உங்களைத் திட்ட எனக்கு எவ்வளவு இருக்கிறது, என்னைத் திட்ட எவ்வளவு இருக்கிறது என்று இந்த வயதிலும் பிரிக்கத் தெரியவில்லை. தெரியாத வரை உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறேன். அதுதான் சுலபம்.

அன்றிலிருந்து ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. பள்ளிக்கூடத்திலோ ஆபீசிலோ யார் பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டாலும் எனக்கு இருப்புக்கொள்ளாது. அந்த ஆள் யாரென்று தெரியாமலே கையைத் தூக்கிவிடுவேன். மானம் போகிறது என்று மகள் திட்டுவாள்.

நேற்று மிஸ்ஸி மூன்றாவது தடவை உங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, அட்டையைக் கட்டுக்கு அடியில் வைக்கப் போனாள். நான் எழுந்து நின்றேன்.

"இருக்காரு" என்றேன். "வச்சிராதம்மா. இருக்காரு."

குரல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காரை நிறுத்தப் போயிருந்த உங்கள் பெயர்க்காரர் ஒருவர் மூச்சிரைக்க உள்ளே வந்தார். எனக்கு நன்றி சொன்னார். காதை எங்கே வைத்திருந்தாய் என்று அவரை ஒரு பிடி பிடித்தேன். பிறகு உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியது, அண்ணே.