என் அலமாரி, என் பொறுப்பு

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முதுகுவலி தேவலையா?

கிடங்கில் சரக்குக் கணக்கு அடிக்கடி இடித்ததால், ஆளுக்கொரு அலமாரியைப் பொறுப்பாகக் கொடுத்துவிட்டார்கள். பொறுப்பாளரிடம் சொல்லாமல் யாரும் எதையும் நகர்த்தக் கூடாது. எண்ணுவது மட்டும் ஜோடியாக. என் அலமாரியில் குறைந்த பெட்டியை என் ஜோடிக்காரி வேறோர் அலமாரியில் கண்டுபிடித்துவிட்டாள். "இவங்களப் பாத்துக் கத்துக்கோங்க!" என்றார் மேலாளர். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வயிறெரிய.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது. என் நீலச் சேலையை உங்கள் தங்கை கட்டியிருக்கிறாள். கட்டட்டும், எனக்கென்ன! எடுக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

அவள் மடியில் பாப்பா உட்கார்ந்திருந்தாளே, அதற்கும் சேர்த்துத்தான்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

பாப்பாவின் அம்மா