முத்து அண்ணன் கொடுத்த மன்னிப்பு

என் பொல்லாத அண்ணே,

உன் கருமக்கிரியை முடிந்து எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வருகிறது. உன் மேலேயும்தான்.

முத்து அண்ணன் வந்திருந்தார். மகள் கையைப் பிடித்துக்கொண்டு நம் ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டின் நாலு மாடியும் ஏறி வந்தார். உன் படம் எந்தப் பக்கம் என்று கேட்டு, அங்கே முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒங்க அண்ணன நான் எப்பவோ மன்னிச்சிட்டேன் லா, தங்கச்சி" என்றார். நான் காப்பி டம்ளரை அவர் கையில் பிடித்துக் கொடுத்தேன்.

நாம் ரெண்டு பேரும் வேலை பார்த்த பட்டர்வொர்த் ஐஸ் ஃபேக்டரியில் அந்தக் காலையை நீ மறந்திருப்பாயா? ஐஸ் உறையவைக்கும் அம்மோனியா வாயு கசிந்தால் மணி அடிக்கவைக்கும் புரோகிராமை கம்ப்யூட்டர் ஏற்க மறுத்தது; அது ஏறாமல் மெஷின் ஓடாது. ஒவ்வொரு புரோகிராமின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். உள்ளே ஓர் எழுத்து கெட்டாலும் கணக்கு ஒத்துவராது, கம்ப்யூட்டர் அதைத் தள்ளிவிடும். டிஸ்க் கெட்டிருக்கிறது, நல்ல காப்பி வீட்டில் இருக்கிறது, நான் வரும்வரை எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு நீ அதை எடுத்துவர ஃபெரிக்கு ஓடினாய்.

தொட்டேன். மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ஐஸ் உருகுது, ஏதாவது செய் என்று நச்சரித்தார். உன் புரோகிராமைத் திருத்தும்போதெல்லாம் நீ அந்த எண்ணைப் புதிதாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். கெட்டுப்போனதற்கும் அப்படியே, கணக்கு ஒத்துவரும்படி புது எண் எழுதினேன். கம்ப்யூட்டர் சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் பேச்சைக் கேட்ட என்னை நினைத்தால் அதைவிட.

நீ திரும்புவதற்குள் குழாய் கசிந்தது. மணி அடிக்கவில்லை. குழாய்ப் பக்கம் வேலையாக இருந்த முத்து அண்ணனுக்கு இரண்டு கண்ணும் போயிற்று.

யார் செய்தது என்று மேனேஜர் ஒன்றும் தெரியாதவர் போல எல்லார் முன்னாலும் கேட்டார். நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "போறதுக்கு முன்னாடி நான்தான் மாத்திட்டுப் போனேன்" என்றாய்.

யார் கேட்டார்கள் உன்னை? எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்ததே, அதற்காகவா? அன்றைக்கு உன் பார்வை என்னை அடக்கியது, சரி. மறுநாள் என்னை யார் அடக்கினார்கள்? பயம்தான், வேறென்ன. அப்புறம் எந்த ஆபீஸிலும் உன்னைக் கம்ப்யூட்டர் பக்கம் விடவில்லை. பாசார்க் கடை ஒன்றில் ரேடியோ ரிப்பேர் பார்த்தே உன் காலம் போய்விட்டது. உன்னை வேலையை விட்டு அனுப்பிய மறுவாரம் என்னை சூப்பர்வைசராக்கினார்கள், தெரியுமா? வாழ்த்துச் சொல்லேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்து அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் தடுக்கிறார். தடுக்கட்டும். என் அண்ணனுக்குக் கொடுத்த மன்னிப்பைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், அவன் எந்தத் தப்பும் செய்யவில்லை, செய்தது நான்தான் என்று சொல்வேன். அதை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் உடன்பிறந்தவள்,
ராஜம்