நீதிமன்றப் புல்வெளிக் கல்லில் என் பெயர்

அனுப்புநர்:
டெல்மர் ப்ரூவிட்,
தானியக் கிடங்குத் தெரு,
ஓவர்பி, ஹார்டெல் கவுண்டி, கன்சாஸ்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
ஹார்டெல் கவுண்டி ஆணையர் குழு,
நீதிமன்றக் கட்டடம், ஓவர்பி.

பொருள்: நீதிமன்றப் புல்வெளியில் உள்ள சுழல்காற்று நினைவுக் கல் – இறந்தோர் வரிசையில் உயிரோடிருக்கும் என் பெயர் – அதைத் தேய்த்து நீக்கும் தீர்மானத்தை நிறுத்தி, அந்த இடத்தில் உரியவர் பெயரைப் பொறிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் என் கையால் எழுதும் முதல் மனு இது. எழுத மூன்று நாட்கள் ஆயின. அடித்தல் திருத்தல் இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். எனக்கு எழுபத்தெட்டு வயது. சென்ற குளிர்காலத்தில்தான் தங்கள் நூலகத்தின் கீழ்த்தளத்தில், கவுண்டி செலவில் நடக்கும் வகுப்பில், திருமதி வானெட்டா ஓபர்க் அவர்களிடம் எழுதப் படிக்கக் கற்றேன். ஆகவே இந்த மனுவுக்குக் கவுண்டியும் ஒரு வகையில் காரணம். அதற்கு என் நன்றியை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. படிக்க வந்தபின் நான் கண்ணில் பட்டதையெல்லாம் படித்தேன். தீவன மூட்டை, சோடா டப்பா, மருந்துக் கடைக் கதவு, எதையும் விடவில்லை. தெருமுனைப் பலகையில் ‘நில்’ என்று எழுதியிருப்பது எனக்குத் தெரியாது. அதுவரை சிவப்பைப் பார்த்துத்தான் நின்றுகொண்டிருந்தேன். இந்த ஊர் முழுக்க இத்தனை பேசிக்கொண்டிருந்திருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று சந்தோஷமாக இருந்தது.

3. நான் நீதிமன்றப் புல்வெளியில் இருபத்தெட்டு ஆண்டுகள் புல் வெட்டியவன் என்பது தங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் மதியச் சாப்பாட்டை அங்கேதான் சாப்பிடுகிறேன். நினைவுக் கல்லின் நிழல் அந்த நேரத்தில் நன்றாக விழும். கல்லில் முதுகைச் சாய்த்து உட்காருவது வழக்கம். ஆகையால் நான் வேலையில் இருந்தபோதும் சரி, பிறகும் சரி, அதன் முகத்தைப் பார்த்ததைவிட அதற்கு முதுகைக் காட்டியதே அதிகம்.

4. சென்ற மாதம் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்து திரும்பியபோது கல்லில் என் பெயர் இருந்தது. எனக்கு முதலில் உண்டானது மகிழ்ச்சி. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மனு பொய்யாகிவிடும். நான் எழுதக் கற்ற முதல் சொல் அது. இத்தனை வருடம் புல் வெட்டியதற்காகக் கவுண்டி என்னைக் கௌரவித்திருக்கிறது, ஒருவரும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். வழியில் போன தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், “சரிங்க மிஸ்டர் ப்ரூவிட், எனக்கு நேரமாச்சு” என்று போய்விட்டார். அதன் பிறகுதான் மேல் வரியைப் படித்தேன். அதில் நீளமான சொற்கள் இருந்தன. 1951 ஜூன் சுழல்காற்றில் உயிர் நீத்த நம் மக்கள் என்று இருந்தது. நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

5. ஒவ்வொரு செப்டம்பரிலும் ஊர்த் தொடக்க நாளன்று சுழல்காற்றில் இறந்தவர்களுக்காக நீதிமன்ற மணி பதினாறு முறை அடிக்கும். பெயர் வாசிப்பதில்லை. எல்லோரும் தொப்பியைக் கழற்றி நிற்போம். நான் ஊர் திரும்பிய ஆண்டிலிருந்து தவறாமல் நின்றிருக்கிறேன். அதாவது என் சாவுக்கு நானே தொப்பியைக் கழற்றியிருக்கிறேன். கவுண்டியும் அந்த இருபத்தெட்டு ஆண்டுகள் இறந்தவன் ஒருவனுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்திருக்கிறது. தணிக்கையில் யாரும் கேட்கவில்லை.

6. ஊரில் விசாரித்தேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் தாத்தா பெயரும் டெல்மர் என்பதால், அந்தப் பெயரை இரண்டு பேரன்களுக்கு வைத்திருப்பார்கள், இறந்தது வேறு டெல்மர், நான் டெக்சாஸிலிருந்து வந்த அவனுடைய பெரியப்பா மகன் என்று சிலர் எண்ணியிருந்தார்கள். நாற்பது வயதில் நான் திரும்பி வந்தபோது, ப்ரூவிட் வீட்டுப் பிள்ளை, சிறுவயதில் இங்கே இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை. நம் ஊரில் கேட்கமாட்டார்கள். காபிக் கடை ஹெர்ஷலிடம் கேட்டபோது அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“அடப்பாவி, உனக்குத் தெரியாதா? நீ வேணும்னேதான் அங்க உக்காந்திருக்கேன்னு நெனச்சேன். ஊருக்குப் புதுசா யார் வந்தாலும் ஜன்னல் வழியா உன்னைத்தான் காட்டுவோம். அதோ பாரு, செத்தும் சாண்ட்விச் தின்னுக்கிட்டிருக்கிறவன்னு.”

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா.”

“நீ படிக்கத் தெரியாதவன்னு நீ ஒரு வார்த்தை சொன்னியா?”

இருவரும் சிரித்தோம். நான் சிரித்ததை இங்கே எழுதுவதற்குக் காரணம், அப்போது எனக்கு வேறு ஒன்றும் தெரியாது.

7. சிரித்த முகத்தோடுதான் தங்கள் அலுவலக ஜன்னலுக்கு வந்தேன். அங்கிருந்த பெண் மிகவும் மரியாதையாக, “ஐயா, உங்க பேரை எடுக்கணும்னா நீங்க உயிரோட இருக்கீங்கன்னு யாராவது எழுதித் தரணுமே” என்றார். திருமதி ஓபர்க் எழுதித் தந்தார். சென்ற செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் தாங்கள் என் கையைக் குலுக்கி, தவறுக்கு வருந்துவதாகவும், வரும் திங்கட்கிழமை கல் செதுக்குபவர் வந்து என் பெயரைத் தேய்த்துவிடுவார் என்றும், இனி மணி பதினைந்து முறை அடிக்கும் என்றும் அறிவித்தீர்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

8. அன்று மாலை, நீதிமன்றத்துக்குப் பின்னாலுள்ள முதியோர் இல்லத்திலிருந்து மிஸ் ஐடா கெல்லர்மன் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அவருக்கு எண்பத்தொன்பது வயது. சுழல்காற்று அடித்த ஆண்டில் அவர் இந்த ஊர்த் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தார். கம்பிகள் அறுந்துவிட்டதால், உடல்களைக் கிடத்தியிருந்த, ஊரோரத்தில் காற்றுக்குத் தப்பிய பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் உதவிக்குப் போயிருந்தார். அவர் என்னை உட்காரச் சொல்லாமலே பேசத் தொடங்கினார்.

“பதினஞ்சுன்னு அடிக்கப் போறாங்களாமே. தப்பு டெல்மர். பதினாறு பேரைக் கிடத்தியிருந்தோம். நானே துணி போர்த்தினேன். உங்க வீட்டு இடிபாட்டுலேர்ந்து ஒரு பையனை எடுத்தாங்க. முகம் தெரியலை. சட்டையைப் பாத்துத்தான் நீன்னு சொன்னாங்க.”

“எந்தச் சட்டை மிஸ் ஐடா?”

“நீலக் கோட்டு. காலருக்கு உள்ளே செவப்பு நூல்ல பேர் தைச்சிருந்துச்சு.”

9. ஐயா, அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் அம்மா இறப்பதற்கு முன் தைத்துக் கொடுத்தது. திருமதி ஓபர்க் முதன்முதலாக என் பெயரைக் கரும்பலகையில் எழுதியபோது, இந்த உருவத்தை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. அந்தச் சிவப்பு நூலில்தான் பார்த்திருக்கிறேன்.

சுழல்காற்று அடித்த அன்று நண்பகலில், கோதுமை அறுவடைக் குழுவோடு வேலைக்குப் போன என் அப்பா என்னையும் ஓக்லஹோமாவுக்கு அழைத்துச் சென்றுவிட்டார். வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எனக்கு ஏழு வயது. எங்களிடம் ஒரு முயல் இருந்தது. தண்டவாளத்தை ஒட்டி, பழைய ரயில் பெட்டிகளில் குடியிருந்து பாதை வேலை பார்த்த மெக்சிகோக் குடும்பங்களில் ஒன்று ராங்கெல் குடும்பம். அவர்கள் மகன் செஃபெரினோ என் கூட்டாளி. நான் திரும்பும்வரை முயலுக்குத் தீனி வைக்கிறாயா என்று கேட்டேன்.

“அந்த நீலக் கோட்டைக் குடுத்தா வைக்கறேன்.”

“வந்ததும் திருப்பிக் குடுத்துடணும்.”

“நீ மொதல்ல வாடா.”

எங்கள் ஒப்பந்தம் அவ்வளவுதான். கோட்டை அவனிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினேன். மாலையில் அவன் முயலுக்குத் தீனி வைக்க எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான்.

10. வழியில் வானொலியில் ஊர் அழிந்த செய்தி வந்தது. வீடு போயிற்று, இனி அங்கே என்ன இருக்கிறது என்று அப்பா திரும்பவே இல்லை. அவருக்கும் எழுதத் தெரியாது. எனவே நாங்கள் உயிரோடிருப்பதாக ஓவர்பிக்கு யாரும் எழுதவில்லை. செஃபெரினோ எங்கே என்று நான் கேட்டபோதெல்லாம், “ரயில்காரங்க எல்லாரும் கொலராடோ பக்கம் போயிட்டாங்களாம்டா” என்பார். நாங்கள் கிளம்பிய பின் ஊரில் நடந்தது அவருக்கும் தெரியாது. நான் எழுபத்தோரு ஆண்டுகள் அதை நம்பினேன். அறுவடை ஊர்களில் பள்ளிக்கூடம் போகாமலே வளர்ந்த எனக்கு இந்த வயதில் எழுத்து எதற்கு என்று வகுப்பின் முதல் நாள் திருமதி ஓபர்க் கேட்டார். கொலராடோவுக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்றேன்.

11. மிஸ் ஐடா சொன்ன மற்றதையும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன். அவருக்கும் இதில் சம்மதம்.

“மறுநாள் அந்த அம்மா வந்தாங்க. ராங்கெல் அம்மா. பையனைக் காணோம்னு வாசல்ல நின்னாங்க. நாங்க எண்ணிப் பாத்தோம். எல்லாப் பிள்ளைக்கும் பேர் இருந்துச்சு. பேரில்லாத பிள்ளைன்னு ஒண்ணுகூட இல்லை. இங்க உங்க பையன் இல்லம்மான்னு சொன்னாங்க. துணியைத் தூக்கிப் பாக்கறேன்னு கெஞ்சினாங்க. வாசல்ல இருந்தவங்க விடலை. அது ப்ரூவிட் வீட்டுப் பையன், நீ போம்மான்னுட்டாங்க. நீலக் கோட்டுக்குப் பக்கத்துல நான் நின்னுக்கிட்டிருந்தேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தண்டவாளத்தைச் சரி பண்ணி முடிச்சதும் ரயில் கம்பெனி அவங்களை வேற இடத்துக்கு அனுப்பிடுச்சு. வண்டி கிளம்பறவரைக்கும் வயல்ல தேடிக்கிட்டே இருந்தாங்களாம்.” அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “நீ திரும்பி வந்தப்ப எனக்குத் திக்குன்னுச்சு டெல்மர். பெரியப்பா மகன்னு ஊர்ல சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். அப்படி விட்டுட்டா ராத்திரி தூக்கம் வந்துச்சு.”

12. நான் அங்கிருந்து நேராகக் கல்லுக்குப் போனேன். பதினாறு பெயரையும் விரல் வைத்துப் படித்தேன். ராங்கெல் என்று எதுவும் இல்லை. மறுநாள் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். மேற்கு வேலியோரம் சிறிய கல் ஒன்று இருக்கிறது. அதிலும் என் பெயர்தான். யாரோ நல்லவர்கள் செலவு செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு முயலும் செதுக்கியிருக்கிறார்கள். குழந்தைக்கு என்று பொதுவாகச் செதுக்கியிருப்பார்கள் போலும், அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. நான் அதன் முன் வெகுநேரம் நின்றேன். எழுத்துத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அந்த ஒரு வேளை மட்டும் நினைத்தேன். பிறகு அப்படி நினைக்கவில்லை. நான் படிக்காமல் போயிருந்தால் இதை இனி யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

13. அந்தச் சுழல்காற்றில் இந்த ஊர் நடுவில் நின்றது நீதிமன்றக் கட்டடம் ஒன்றுதான். அது நின்றதால்தான் கவுண்டித் தலைமையிடம் பக்கத்து ஊரான வில்மோட்டுக்குப் போகாமல் ஓவர்பியிலேயே தங்கிற்று என்று ஒவ்வொரு தொடக்க நாளிலும் மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆவணங்களில் ஒரு தாள்கூடப் பறக்கவில்லை என்கிறோம். ஒரு பிள்ளை பறந்துபோனதை அதோடு சேர்த்துச் சொல்லவேண்டும் என்பது என் பணிவான கருத்து.

14. தங்கள் தீர்மானம் என்மேல் உள்ள அன்பினால் செய்தது. நான் கேட்டதைத்தான் செய்தீர்கள். ஆனால் திங்கட்கிழமை அந்த வரியைத் தேய்த்துவிட்டால், இறந்தவர்கள் பதினைந்து பேர் என்று கல்லே சொல்லிவிடும். அந்தத் தாயை வாசலில் நிறுத்தித் திருப்பி அனுப்பிய அதே சொல்லை நாம் இன்னொரு முறை சொன்னதாகிவிடும். அவர் இப்போது உயிரோடு இருக்க வழியில்லை. அவர் மக்களில் யாராவது கொலராடோவில் இருக்கலாம். என்றாவது ஒரு நாள் இந்த வழியாக வண்டியில் போகையில் அவர்கள் புல்வெளியில் இறங்கி அந்தக் கல்லைப் படிக்கலாம்.

15. ஆகவே தாங்கள் தயவு செய்து:

கல் செதுக்குபவர் என் பெயரை நீக்கியதும் அந்த இடத்தை வழுவழுப்பாக விட்டுவிடாமல், அதே வரியில் செஃபெரினோ ராங்கெல் என்று பொறிக்க ஆணையிட வேண்டும்.

கல்லறைத் தோட்டத்துச் சிறிய கல்லிலும் அவ்வாறே பெயரை மாற்ற வேண்டும். அதற்கான செலவை நான் ஏற்கிறேன். முயல் அப்படியே இருக்கட்டும்.

ராங்கெல் குடும்பத்தார் எங்கிருக்கிறார்கள் என்று ரயில் கம்பெனிக்குக் கவுண்டியின் முத்திரையோடு எழுதிக் கேட்க வேண்டும். பதில் வந்தால் முகவரியை எனக்குத் தர வேண்டும். கொலராடோவுக்கு நான் போட நினைத்த கடிதம் வேறு. இப்போது எழுத வேண்டியது வேறு. இரண்டாவதை நானே எழுதுவேன், நேரமானாலும் பரவாயில்லை.

செப்டம்பரில் மணி பதினாறு முறையே அடிக்க வேண்டும்.

16. கல் செதுக்குபவருக்காக அந்தப் பெயரைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். திருமதி ஓபர்க் திருத்தித் தந்தார், அதைப் பார்த்து மறுபடி நானே எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பெயர் சரியாக இருக்கும். திங்கட்கிழமை காலையில் நான் புல்வெளியில் இருப்பேன். அவர் வேலையை முடிக்கும் வரை கல்லில் சாய மாட்டேன்.

உயிரோடிருந்து, தன் கையால் எழுதி ஒப்பமிடுபவன்,

டெல்மர் ப்ரூவிட்

இடம்: ஓவர்பி
நாள்: 2022 ஆகஸ்ட் 19

இணைப்பு: பெயர் எழுதிய தாள் ஒன்று.