எதிர்க்கடைக்காரியின் மிஷின்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையை டப்பாவில் சேர்த்து வைக்காமல் சாப்பிடு.

போன வாரம் பள்ளிச் சீருடை ஆர்டர் பாதியில் நிற்க, தையல் மிஷின் மோட்டார் புகைந்துவிட்டது. கடை நடத்தும் பெண்கள் கூடும் எங்கள் சங்கத்தில் தயங்கித்தான் சொன்னேன். மறுநாள் காலை, எதிரே தையல்கடை வைத்திருப்பவள் தன் மிஷினோடு வந்து நின்றாள்.

"போட்டிக் கடைக்கே உதவுறியா?" என்றேன்.

"இந்த ஆர்டர் போச்சுன்னா பெரிய கம்பெனிக்காரன் உள்ள நுழைவான். அப்புறம் ரெண்டு பேரும் அவன்கிட்ட பட்டன்தான் தைக்கணும். நகருடி."

சேர்ந்தே தைத்துக் கொடுத்தோம். அடுத்த வருட ஆர்டரும் எங்கள் இருவருக்கே. உனக்கு ஜாக்கெட் அவள்தான் தைப்பாளாம். உன் அளவு ஜாக்கெட் ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், போட்டது உன் வாசனையோடு அப்படியே வரட்டும்.

கடைக்கு ஆள் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் மகள்