கோமாவாவது கேட்ட மச்சானுக்கு

என் பாட்டுக்கார மச்சானே,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில், "எழுந்திரு மச்சான், இன்னும் ஒரு பல்லவி பாக்கி இருக்கு" என்று கதறினேன் இல்லையா? பின்னாலிருந்து எதிர்வீட்டு மாமி, "இது சீரியல்ல வந்த டயலாக் ஆச்சே!" என்றாள். ஆமாம். டிவியில் நீ செத்தபோது நான் எழுதிய வசனம்தான். சொந்தமாக அழக்கூட எனக்கு வரவில்லை.

ஒரு காலத்தில் உன் காதல் கேசட் ஓடாத டீக்கடை மயிலாப்பூரில் உண்டா? முடி கொட்டியதும் சீரியலில் அப்பாவானாய். அங்கேயாவது சும்மா இருந்தாயா? மகளைக் கண்டிக்கிற காட்சியில்கூட என் வசனத்தை ராகம் போட்டு இழுப்பாய். எரிச்சலில் ஒருநாள் டைரக்டரிடம், "இவருக்கு ஹார்ட் அட்டாக் குடுத்துடலாம் சார்" என்றேன். மனுஷன் மறுபேச்சில்லாமல் தலையாட்டினார்.

அன்று மாலையே உன் போன். "மாப்ளே, என்னைக் கொல்லப்போறீங்களாமே? கோமாவுலயாவது போடச் சொல்லேன். அப்பப்ப விரலை ஆட்டிக்கினு கெடப்பேன்." குரல் உடைந்திருந்தது. "சேனல் முடிவு மச்சான், என் கையில ஒண்ணுமில்ல" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது அந்தப் பொய்!

அப்புறம் தி.நகர் மண்டபங்களில் ரிசப்ஷனுக்குப் பாடினாய். ஆட்டோக்காரர் ஒருவர், "இன்னா சார், டிவில உன் போட்டோவுக்கு மாலை போட்டாங்க, நீ இங்க சுத்திக்கினு கீற?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தாய். நிஜமாகவே சிரித்தாயா? அந்தக் கல்யாண சீசன் முடிவதற்குள் நிஜ ஹார்ட் அட்டாக் வந்துவிட்டது. நான் எழுதியபடியே.

உன் தங்கை இன்னும் சேனலைத்தான் திட்டுகிறாள். "வேலை போன கவலையிலதான் எங்கண்ணன் போயிட்டான். அந்த முடிவை எடுத்தவன் வெளங்குவானா?" என்று கேட்டுக்கொண்டே என் தட்டில் இன்னொரு தோசை போடுகிறாள். "வெளங்கவே மாட்டான்" என்று சொல்லிவிட்டு நானும் சாப்பிடுகிறேன்.

நாளைக் காலை அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் மச்சான். டிபனுக்கு முன்னாலேயே. இது சத்தியம்.

உன் தங்கையைக் கட்டிய பாவி,
மாப்பிள்ளை

பி.கு.: இதை டைரக்டரிடம் படித்துக் காட்டினேன். "கல்யாண சீசனில் பாடப் போகணும், என்னைச் சீக்கிரம் சாகடியுங்கள்" என்று, நான் சொல்வதற்கு முன்பே அவரிடம் கேட்டது நீதானாம். அன்று மாலை எனக்குப் போன் செய்ததுகூட அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதானாம். "நம்ம ரைட்டரு அழறாரா பாக்கலாம்" என்றாயாம்.