எதுவரை சுருக்கலாம்

எர்லாங்கன்,
ஜூன், ஞாயிறு பிற்பகல்

என் அன்புத் தில்மன்,

இங்கே நானும் அப்பாவும் நலம். அந்தத் துருவ உறைபனிக்கு நடுவில் நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று நானாகவே நம்பிக்கொண்டு எழுதுகிறேன், ஏனென்றால் உன் மடல்களில் காற்றின் வேகம் இருக்கிறதே தவிர உன் இருமலைப் பற்றி ஒரு வரி இல்லை. கெர்லிண்டெ அத்தை இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுத்திருப்பாள் என்று பார்த்தால், ஊன்றுகோலோடு மலைத் திருவிழாவுக்கு வந்து ஒரு லிட்டர் பீரையும் முடித்துவிட்டு, "கோல் இருந்தா எடம் சீக்கிரம் கிடைக்குதுடி" என்று என்னிடமே கண்ணடிக்கிறாள். செர்ரி இந்த வருஷம் தாமதம்.

நீ கேட்ட பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பேண்டுக் குழுவின் பழைய கேசட்டை அப்பா கணினியில் ஏற்றிவிட்டார். ஆனால் உங்கள் ஆய்வு நிலையத்தில் இணையத்தை ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து விடுகிறார்களே, அதற்குள் அடங்க எவ்வளவு சுருக்குவது என்பதில் வீடு இரண்டுபட்டது. நன்றாகச் சுருக்கினால் நான்கு பாட்டும் போகும், கொஞ்சமாகச் சுருக்கினால் ஒன்றுதான். நானும் அப்பாவும் சந்தித்ததே இந்த வேலையில்தான், உனக்குத் தெரியும். காது கண்டுபிடிக்காதபடி பாட்டைச் சுருக்குவது எப்படி என்று ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த காலம். நான் கூலிக்குக் காது கொடுக்கப் போன மாணவி, அவர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டு எது அசல் என்று கேட்பார், நான் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் உழைப்பு வீண். "இந்தப் பொண்ணு காதை யாராச்சும் பஞ்சு வெச்சு அடைங்கப்பா" என்று அலறியவர், பிறகு அதே காதுக்குத் தோடு வாங்கித் தந்தார். அந்த நாட்களை நினைத்து இன்று முழுக்க ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

பழைய முறைப்படியே சோதித்துவிடலாம் என்று அவரே சொன்னார். இந்த முறை அவர் நாற்காலியில், நான் கணினியில். பள்ளிக்கூடப் பையனாக நீ முக்கோண மணி அடித்தாயே, அந்த அணிவகுப்புப் பாட்டு. அசலையும், மிதமாகச் சுருக்கியதையும், சக்கையாகப் பிழிந்ததையும் எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். பிழிந்ததில் உன் மணி கண்ணாடித் தூளாகச் சிதறிக் கிடந்தது, எனக்குப் பல் கூசியது. அப்பாவோ கண்ணை மூடித் தலையாட்டி, இதுதான் அசல் என்று அதையே காட்டினார். இன்னொரு முறை போடச் சொன்னார், மறுபடியும் அதையே. ஆமாம் என்று சொல்லியிருந்தால் நான்கு பாட்டும் உனக்கு வந்திருக்கும், அவரும் மகிழ்ந்திருப்பார். ஆனால் அந்த நாற்காலியில் இருப்பவரிடம் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். "இல்ல எக்கார்ட், நீ காட்டினது பிழிஞ்சது" என்றேன். காதுமாட்டியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, தன் காது மங்குவது எப்போதிலிருந்து எனக்குத் தெரியும் என்று கேட்டார். "துணி தொவைக்கிற மெஷின் முடிஞ்சு கத்தும்போதெல்லாம் நீ அசையவே மாட்டே. மொதல்ல சோம்பேறித்தனம்னுதான் நெனச்சேன்" என்றேன். சிரித்தார், சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. "அப்ப பையனோட மணி எனக்குக் கேக்கவே இல்லையா, ரோஸ்?" என்றார்.

ஒரு பாட்டே போதும், அது ஒழுங்காகப் போகட்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். மிதமான அளவை நான் தேர்ந்தெடுத்தேன். அனுப்பும் முன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையை நீட்டி, "மணி வர்ற எடத்துல தட்டு" என்றார். நீ அடித்த இடமெல்லாம் அவர் உள்ளங்கையில் தட்டினேன். ஓரிடத்தில் நீ முந்திக்கொண்டு அடித்திருக்கிறாய், அங்கேயும் அப்படியே தட்டினேன். சட்டென்று நிமிர்ந்து, "ஏய், இங்க அவசரப்பட்டுட்டான் பாரு!" என்றார்.

செவ்வாயன்று காது மருத்துவரிடம் போகிறோம். தொலைபேசியில் அப்பாவிடம் கத்தாதே, நிதானமாகப் பேசு. கடவுள் உன்னைக் குளிரிலிருந்து காக்கட்டும். கழுத்துத் துணியை மறக்காதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா ரோஸ்விதா