மலை மேலேதான் இருக்க வேண்டுமாம்

21 மே 1978, ஞாயிறு

காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட உடுப்பு ஒன்றும் காயவில்லை. ஊரை விட்டு வந்து குடியேறிய இந்த லிட்கமில் மே மாதமே குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. ஹீட்டருக்குத் திரி வாங்க வேண்டும்.

மத்தியானம் பக்கத்து வீட்டு ஹாகொப் வந்தார். ஆர்மேனியர், எழுபது வயது, ஈரானிலிருந்து மகனோடு வந்தவர். நான் அலுவலகத்தில் நில வரைபடம் கீறுகிறவன் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். யாரோ என்ன, பூரணம்தான். என் மனைவிக்கு வாய் சும்மா இருக்காது.

அடுத்த ஞாயிறு அவர்களுடைய மண்டபத்தில் சர்தாராபாத் சண்டையின் அறுபதாம் ஆண்டு விழா. துருக்கிப் படை நாட்டின் கடைசி மூலை வரை வந்தபோது, கோயில் மணிகளை நாட்கணக்கில் அடித்து, சிப்பாய், குடியானவன், பாதிரி என்று எல்லாரையும் கூட்டித் திருப்பி அடித்த சண்டை. அன்று தோற்றிருந்தால் ஆர்மேனியர் என்று சொல்ல ஆளே மிஞ்சியிருக்காது என்றார். சுவரில் மாட்ட ஒரு பெரிய வரைபடம் வேண்டுமாம். ஒரு பின்னேர வேலைதானே என்று ஒத்துக்கொண்டேன். என் வாயை என்ன சொல்ல.

22 மே, திங்கள்

வேலை முடிந்து வரும் வழியில் அட்டை, கறுப்பு மை, புது நிப். அவர்களுடைய சங்கத் தலைவர் கொடுத்தனுப்பிய புத்தகத்தைப் பார்த்து ஆறு, ரயில் பாதை, பீரங்கிகள், அம்புக்குறிகள். சாப்பாட்டுக்கு முன் முக்கால்வாசி முடிந்தது. நல்ல சுத்தமான வேலை.

ஹா. வந்து பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. அவர்களுக்குத் தெய்வம் மாதிரியான அராரத் மலை படத்தின் அடியில் கிடக்கிறதாம்.

வடக்கு மேலே, தெற்கு கீழே. மலை ஆற்றுக்குத் தெற்கே. ஆகவே கீழே. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

"மலையைக் காலடியில் போட்ட மனிதரை இன்றுதான் பார்க்கிறேன்," என்றார். அவர்கள் நின்ற வயலிலிருந்து பார்த்தால் மலை மேலே, எதிரி வந்தது வலக்கைப் பக்கம்.

படத்தைத் தலைகீழாக மாட்டுங்கள் என்றேன். எழுத்தை யார் தலைகீழாக நின்று வாசிப்பது என்று கேட்டார். கதை நியாயம்தான். இன்னொரு அட்டை. நாசமாய்ப் போக.

24 மே, புதன்

தெற்கை மேலே வைத்துக் கீறி முடித்தேன். என் உத்தியோகத்தில் செய்யாத பாவம். மேலதிகாரி பார்த்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

தலைவர் வந்தார். கோட், டை, பளபளக்கும் சப்பாத்து. அவருக்கும் மலை மேலே இருந்ததில்தான் பரம திருப்தி. போகிற நேரம் ஹா. மெதுவாகக் கேட்டார், தங்கள் ஊர்க் கிணற்றடியில் ஒரு புள்ளி வேண்டுமாம். அவருக்கு அப்போது பத்து வயது. பெண்கள்தான் பதுங்குகுழிகளுக்குத் தண்ணீர் சுமந்தார்கள். இரண்டு குடத்தோடு போன தாய் திரும்பி வரவில்லை. கல்லறையும் கிடையாது.

"இது படை நடந்த படம். எல்லாருடைய அம்மாவையும் போட முடியாது," என்றார் தலைவர்.

நானும் சேர்ந்து சொன்னேன், இடம் நிச்சயமில்லாததைப் படத்தில் போடுவதில்லை என்று. ஹா. தேத்தண்ணீரைத் தொடாமல் எழுந்து போய்விட்டார். நான் சொன்னதில் பிழையில்லை. பிறகு ஏன் எனக்கு இவ்வளவு கோபம் வருகிறது?

25 மே, வியாழன்

ரயில் மறுபடி தாமதம். குடையை விட்டுவிட்டு வந்தேன். காலையிலேயே குசினியில், அடுப்படியில் நின்றே சண்டை.

"அந்த மனிசனுக்கு ஒரு புள்ளி போட்டா உங்கட மை முடிஞ்சு போமோ?" என்றாள் பூ.

"இடம் தெரியாமல் எப்பிடிப் போடுறது?"

"போன ஆவணிக் கலவரத்தில அனுராதபுரத்தில அண்ணான்ர கடையை எரிச்சவங்கள். அது எந்த றோட்டில, எத்தினையாவது கடை எண்டு இப்ப நீங்கள் கீறிக் காட்டுங்கோ பாப்பம்."

வேலைக்கு வெளிக்கிட்டேன். அந்தக் கடையில் இரண்டு தரம் சோடா குடித்திருக்கிறேன். பஸ் நிலையத்துக்கு இடப் பக்கமா, வலப் பக்கமா? நாள் முழுக்க யோசித்தும் பிடிபடவில்லை. பெரிய படம் கீறுகிறவன்.

27 மே, சனி

வெயில். படத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு ஹா. வீட்டுக்குப் போனேன். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, நேரே வேலை. கிணற்றடியில் நின்றால் சின்னச் சிகரம் எந்தப் பக்கம்? ரயில் எந்தக் காதில் கேட்கும்?

கண்ணை மூடிக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்து நின்றார். அதுதான் மலை. இடக்கையை நீட்டினார், சின்னச் சிகரம். வலக்காதைத் தொட்டார். அப்படியே நின்றார், நான் கூப்பிடும் வரை.

கிட்டத்தட்ட இடம் வந்துவிட்டது. சிறு வட்டம் போட்டேன். தாயின் பெயர் ஷுஷான். ஹா. தங்கள் எழுத்தில் எழுதித் தந்ததை வரிவரியாகப் பார்த்துக் கீறினேன். தலைவர் சத்தம் போட்டால் போடட்டும்.

28 மே, ஞாயிறு

மண்டபம் நிறைய ஆட்கள். பேச்சுக்கு மேல் பேச்சு, ஒன்றும் விளங்கவில்லை. கோதுமைக் கஞ்சி என்று நம்பி வாங்கினாள் பூ., உள்ளே இறைச்சி. நல்ல காலம், விரத நாளில்லை.

ஹா. படத்தடிக்குப் போய் அந்த வட்டத்தில் விரலை வைத்தார். எடுக்கவேயில்லை. பின்னால் நின்ற ஒரு அம்மா பெயரைச் சத்தமாக வாசித்தாள். யார் போட்டது என்று கேட்டிருப்பாள் போல, ஹா. என்னைக் காட்டினார். அவ்வளவுதான். சூழ்ந்துவிட்டார்கள். ஒருவருக்குத் தமையன், ஒருத்திக்குப் பெரியம்மா. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கிறார்கள். சட்டைக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். பேனாவை யாரோ கையில் திணித்தார்கள். எனக்குப் பொறுமை என்ன, மூச்சே போய்விட்டது.

தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏச்சு விழப் போகிறது என்று நினைத்தேன். என் காதுக்குள் குனிந்து தன் தகப்பனின் பெயரைச் சொன்னார். மாட்டுவண்டிக்காரர். துவக்குப் பிடித்துச் சுட்டவரில்லை.

"எந்த இடம்?" என்று கேட்டேன்.

"எனக்கு அப்போது ஒரு வயது," என்றார். "எங்கேயாவது போடுங்கள்."

போட்டேன்.